போனைப் பூட்டினால் அப்பா எங்கே போவார்?

1

மஸ்கட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யாராவது கேட்டால், என் மகள் இலக்கியாவின் வயதைச் சொல்லிவிடுவேன். நான் இங்கே வந்து இறங்கிய மாதம்தான் ஒரத்தநாட்டு ஆஸ்பத்திரியில் அவள் பிறந்தாள். இந்தத் தை மாதத்தோடு எங்கள் இருவருக்கும் பதினேழு முடிந்தது. ரூமில் பாஸ்கர் அண்ணன் சேமியா பாயசம் வைத்தார். கும்பகோணத்துக்காரர், இனிப்புக்கு ஒரு சாக்கு கிடைத்தால் விடமாட்டார். அது பிறந்தநாள் பாயசமா, நான் வந்த நாளுக்கான பாயசமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊரில் பார்க்கிறவர்கள் "அங்கேயே செட்டில் ஆயிட்டீங்க" என்கிறார்கள். செட்டிலாவது ஒன்றாவது! குடியிருப்பு அட்டையில் தேதி இருக்கிற வரைக்கும்தான் நான் இந்த நாட்டில் குடியிருப்பவன். ஏசி ரிப்பேர் செய்கிறவன். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளைக் குளிர வைத்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததில்லை.

பாயசம் சாப்பிட்ட வாரத்திலேயே பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். இலக்கியா பிளஸ் டூ. முதல் திருப்புதல் தேர்வு முடிந்து மார்க் வந்திருந்தது. எங்கள் ஊரில் அது சம்பா அறுவடை நேரம். என் மனைவி செல்வி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து எழுந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் வேலைக்குப் போகும் வண்டியில் இருந்தபடி வீடியோ காலில் சேர்ந்துகொண்டேன். செல்வி கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள், நெல் சுணை. பக்கத்தில் இலக்கியா தலையைக் குனிந்து நின்றாள்.

இயற்பியல் டீச்சர் போனைக் கவனிக்கவில்லை. செல்வியைப் பார்த்துத்தான் பேசினார்.

"பிசிக்ஸ்ல ஃபெயிலும்மா. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பயாலஜில கிளாஸ்லயே இவதான் ஃபர்ஸ்ட். இது மட்டும் ஏன்னு எனக்கே புரியல. வீட்ல படிக்கிறாளா?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உக்காந்துடுறா டீச்சர். எந்திரிக்கறதே இல்ல."

"போன் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அதான் விஷயம். மொதல்ல அதை வாங்கி பீரோல வச்சுப் பூட்டுங்க. பரீட்சை முடியற வரைக்கும் கண்ணுலயே காட்டாதீங்க."

செல்வி கையில் இருந்த போனை டீச்சர் பக்கம் திருப்பினாள். "இதுலதான் டீச்சர் அவங்க அப்பா இருக்காங்க."

டீச்சர் முகம் திரை முழுக்க வந்தது. பாவம், பதறிப்போய்விட்டார். "ஐயோ, சார், வணக்கம். நீங்க லைன்லயே இருக்கீங்களா? உங்களச் சொல்லல சார்."

"பரவால்ல டீச்சர்" என்றேன். "பூட்டிடலாம்."

வேறு என்ன சொல்வது? பிசிக்ஸில் ஃபெயிலானால் கால்நடை மருத்துவம் இல்லை. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். பஸ்ஸில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாளாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்தாலும் எங்கேயோ போய்விடுகிறார்கள். இவள் படித்து ஊரிலேயே இருக்க ஆசைப்பட்டாள். வீட்டில் ஒருத்தராவது ஊரில் இருக்கட்டுமே என்று நானும் அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2

அந்தப் போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் எதைப் பூட்டச் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில். எல்லாரும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஆட்கள். எனக்கு நாலு மணிக்கு வேலை முடியும். குளித்துவிட்டு உட்காரும்போது ஊரில் விளக்கு வைத்திருப்பார்கள். அப்போது எங்கள் ரூமில் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும். ஆளாளுக்குப் போனை எடுத்து ஊறுகாய் பாட்டில்மேல், தண்ணீர் கேன்மேல், தலையணைமேல் சாய்த்து வைப்போம். அந்தப் பக்கம் அவரவர் பிள்ளை புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும். பேச்சு கிடையாது. வீடியோ கால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆரம்பித்து வைத்தவர் பாஸ்கர் அண்ணன்தான். "பேச வேணாம். எதிர்ல வச்சுட்டு நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. வீட்ல அப்பா உக்காந்திருக்கற மாதிரி புள்ளைக்கு இருக்கும்" என்றார். அவருடைய பையன் பத்தாவது. அது பரவி, எல்லாக் கட்டிலுக்கும் வந்துவிட்டது. நாங்கள் அதற்கு வைத்த பேர் 'ரெண்டாவது டியூட்டி'.

ரெண்டாவது டியூட்டி நேரத்தில் டிவி போடக்கூடாது. சத்தமாகச் சிரிக்கக்கூடாது. தாளிக்கிற வேலை இருந்தால் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஒரு நாள் நன்னிலத்துக் குமார் மறந்துபோய்க் கடுகைப் போட்டுவிட்டான். அது வெடித்த சத்தத்தில் நாலு ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. பாஸ்கர் அண்ணன் பையன் வாய்விட்டுத்தான் படிப்பான். அவன் புண்ணியத்தில் எங்கள் ரூமில் எல்லாருக்கும் முதல் உலகப்போருக்கான காரணங்கள் மனப்பாடம். வேலைக்குப் போகிற வண்டியில் குமார் அதை ஒப்பிப்பான்.

வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பக்கத்து ரூம் மலையாளி ஒருத்தர் சர்க்கரை கேட்டு வந்தவர், ஆளுக்கொரு போனை முறைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் வீடு.

3

என்னுடைய பிளஸ் டூ படிப்பு எங்கள் போர் செட்டில் நடந்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் விழும், நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்ப்பேன். வீட்டில் யாரும் வந்து பார்த்ததில்லை. மடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார்கள், பாடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதில்லை. கடைசியில் தட்டுத்தடுமாறிப் பாஸாகி ஐடிஐயில் சேர்ந்து, ஏசி கற்றுக்கொண்டு, இங்கே வந்தேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. நடவும் அறுப்பும் இருக்கிற வீட்டில் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

என் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அதனால் பார்த்தேன். பிளஸ் ஒன் ஆரம்பித்ததிலிருந்து தினமும் பார்த்தேன். பாடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் புத்தகத்தில் இருக்கிற மின்சாரம் வேறு, நான் ஒயரில் தொடுகிற மின்சாரம் வேறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் குனிந்திருக்கிறாளா நிமிர்ந்திருக்கிறாளா என்பதுதான். குனிந்திருந்தால் படிக்கிறாள். நிமிர்ந்தால் ஒரு அதட்டல்.

"பாப்பா, என்ன யோசனை? புக்கைப் பாரு."

"ம்."

"எங்க எழுந்து போற?"

"தண்ணி குடிக்கப்பா."

முன்னெல்லாம் இவள் ஓயாமல் பேசுகிற பெண். எந்த ஆடு குட்டி போட்டது, எந்தக் குட்டிக்குக் காதில் புள்ளி என்பது வரைக்கும் எனக்குச் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்'. அவளுடைய முகத்தைவிட அவளுடைய வகிடுதான் எனக்கு நன்றாகத் தெரியும். குனிந்த தலை, நேர் வகிடு, இரண்டு பக்கமும் ஜடை. அதைப் பார்த்தபடியே சில நாள் எனக்குக் கண் சொக்கிவிடும். விழித்துப் பார்த்தால் அவள் அதே இடத்தில் குனிந்திருப்பாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று மனசு குளிர்ந்துபோகும்.

அந்தப் பிள்ளைதான் பிசிக்ஸில் ஃபெயில்.

4

வீட்டில் டச் போன் அது ஒன்றுதான். செல்வியிடம் இருப்பது பட்டன் போன். அவசரம் என்றால் அதில் கூப்பிட வேண்டும், எனக்கு லீவான வெள்ளிக்கிழமை மட்டும் பீரோவைத் திறந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. செல்விதான் தயங்கினாள்.

"நெல்லு இன்னும் எடை போடல. நான் பொழுதுக்கும் கொள்முதல் நிலையத்துலதான் கெடக்கணும். புள்ள வீட்ல தனியா இருக்குங்க. நீங்க எதிர்ல இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன்."

"டீச்சர் சொல்லிட்டாங்கல்ல. பூட்டு" என்றேன்.

இலக்கியா ஏதோ சொல்ல வந்தாள். வாயைத் திறந்தவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிப்பா" என்றாள். திரை இருண்டது.

மறுநாள் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பழக்கத்தில் போனைத் தண்ணீர் கேன்மேல் சாய்த்து வைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றிலும் எல்லாக் கட்டிலிலும் பள்ளிக்கூடம் நடக்கிறது. எனக்கு மட்டும் லீவு. கறிகாய் நறுக்கினேன். துணி துவைத்தேன். துவைத்த துணியை மடித்தேன். அப்புறமும் நேரம் அப்படியே இருந்தது. பதினேழு வருஷமாகப் பிரிந்திருக்கிறோம், அதில் இந்த மாதம்தான் எனக்கு வீட்டைவிட்டு வந்த மாதிரி இருந்தது. சம்பளமும் வெயிலும் வண்டியும் எப்போதும்போலத்தான். உடம்பு மட்டும் எடுத்துப் போட்ட மாதிரி அசந்துவிட்டது.

பாஸ்கர் அண்ணன் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காருங்க."

"எதுக்கு அண்ணே?"

"இவன் படிக்கிறதப் பாருங்க. எனக்கும் துணைக்கு ஒரு ஆளு. நான் அசந்தா நீங்க அதட்டுங்க."

அடுத்தவர் பிள்ளை படிப்பதை உட்கார்ந்து பார்த்தேன். அவன் இப்போது ரஷ்யப் புரட்சிக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வணக்கம் மாமா" என்றான்.

5

பரீட்சை நேரத்திலாவது நேரில் போய் இருக்கலாம் என்று லீவுக்குக் கேட்டேன். ஆபீஸில் லீவுக்குக் காரணம் எழுதுகிற இடத்தில் கல்யாணம் உண்டு, மரணம் உண்டு, நோய் உண்டு. மகளின் பரீட்சை கிடையாது. நேரில் போய் விளக்கிச் சொல்லலாம் என்று லீவு பார்க்கிற அதிகாரியின் முன்னால் நின்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. நடுவில் இந்தி. பதினேழு வருஷமாகப் பேசியும் என் இந்தி எனக்கு அடங்காது. பதற்றத்தில், 'என் மகளுக்குப் பரீட்சை' என்பதற்குப் பதிலாக 'எனக்குப் பரீட்சை' என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வயதில் என்ன பரீட்சை எழுதப் போகிறாய் என்று கேட்டார். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது அவ்வளவு தப்பாகவும் படவில்லை.

லீவு இல்லை. மார்ச்சில் இங்கே வெயில் ஆரம்பித்துவிடும். ஏசிக்காரனுக்கு அதுதான் அறுவடைக் காலம். தவிர, என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருக்கிறது. வந்த பிறகு பார்க்கலாம் என்றார். இதே 'வந்த பிறகு பார்க்கலாம்' என்ற பதிலோடுதான் அவளுடைய காதுகுத்தும் போயிற்று, பத்தாம் வகுப்புப் பரீட்சையும் போயிற்று. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

6

இரண்டாவது திருப்புதல் தேர்வு மார்க் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமையன்று தெரிந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் செல்வி பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கூப்பிட்டாள். அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"பிசிக்ஸ்ல பாஸுங்க. சும்மா பாஸ் இல்ல, நல்ல மார்க்கு. டீச்சரே கூப்பிட்டுச் சொன்னாங்க."

எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள் இருந்தது. நான் பார்த்தபோது ஃபெயில், பார்க்காதபோது பாஸ். மகளைக் கூப்பிட்டேன்.

"போன் இல்லாததால கவனம் சிதறல. அதானே பாப்பா?"

"போன்னால இல்லப்பா."

"பின்ன?"

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. "சொல்லிடேன்டி. எங்கிட்ட சொன்னல்ல, அதையே சொல்லு. எத்தனை நாளைக்கு மூடி வைப்ப?"

இலக்கியா நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"பிசிக்ஸ் கணக்குக்கு நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து யோசிக்கணும்ப்பா. சுவத்தப் பாத்துக்கிட்டு. இல்லன்னா நடக்கணும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாத்தான் எனக்கு வரும். நீங்க உடனே 'என்ன வெறிச்சுப் பாக்கற'ன்னு சொல்லுவீங்க. எழுந்தா 'எங்க போற'ம்பீங்க. அதனால உங்க முன்னாடி பயாலஜிதான் படிப்பேன். படிச்சதையே படிப்பேன். அதுன்னா குனிஞ்சுக்கிட்டே இருக்கலாம்ல."

வகுப்பிலேயே பயாலஜியில் முதலாக வந்த ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் ஊட்டி வளர்த்த பயாலஜி அது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன பாப்பா? அப்பா கடிச்சா தின்னுடுவேன்?"

"சொன்னா வீடியோ கால கட் பண்ணிடுவீங்க."

"பண்ணிட்டுப் போறேன். அதுல என்ன?"

"அப்புறம் அந்த ரூம்ல நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

நான் அவளுக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வருஷத்துக்கு மேலாக, தன் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் எனக்குத் துணையாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கண்ணயர்ந்த நாட்களில்கூட எழுந்து போகாமல்.

"லைன் சரியா இல்ல பாப்பா. அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

7

பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் நம்பிக்கையோடு இருக்கிறார், செல்வி கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், அந்த வகையில் எங்கள் தரப்பில் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. அடுத்து வருகிற பிள்ளைகளின் அப்பாக்கள் எங்கள் ரூமிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் உபதேசம் செய்வதில்லை. குமாரிடம் மட்டும், அவன் மகள் நிமிர்ந்தால் அதட்டாதே என்று சொன்னேன். "ஏன்ணே?" என்றான். சும்மா சொன்னேன் என்று விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாளைப் பற்றி.

அன்றைக்குச் சாயங்காலம் குளித்துவிட்டு வருகிறேன், போன் அடிக்கிறது. வீடியோ கால். வெள்ளிக்கிழமை இல்லை. என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு எடுத்தேன். இலக்கியா.

"என்ன பாப்பா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அம்மாகிட்ட பீரோ சாவி வாங்கிக்கிட்டேன். போனை வழக்கமா வைக்கற எடத்துல வைங்க."

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு எதுக்கு பாப்பா? அப்பா இருந்தா உனக்கு..."

"வைங்கப்பா. நான் இங்க என் போனைத் திருப்பி வச்சுடறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. சுவருதான் தெரியும். பரவால்லயா?"

"பரவால்ல."

திரை ஆடியது. மேசை, ஃபேன், ஜன்னல் எல்லாம் தாறுமாறாகச் சுற்றிவிட்டு ஒரு சுவரில் வந்து நின்றது. பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர். ஓரத்தில் உரக்கடை காலண்டர். அதற்குக் கீழே ஒரு ஆணி, அதில் ஒன்றும் மாட்டவில்லை. ஐப்பசி மழையில் கீழ்ப்பகுதி ஓதம் அடித்துப் பெயிண்ட் உரிந்திருந்தது. நான் சம்பாதித்து அனுப்பியதில் கட்டிய வீடு. லீவில் போகும்போது அங்கே படுத்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், விருந்தாளிகளை உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரை நான் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை.

சத்தம் மட்டும் வந்தது. வாசல் பக்கம் போகிற கால் சத்தம், கொல்லைப் பக்கம் திரும்புகிற கால் சத்தம். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. என் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன். திடீரென்று "ஆங்!" என்று ஒரு சத்தம், அப்புறம் பேனா காகிதத்தில் கிறுகிறுவென்று ஓடுவது கேட்டது.

பாஸ்கர் அண்ணன் டீ கிளாஸோடு வந்தார். என் போன் தண்ணீர் கேன்மேல் சாய்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க, புள்ளயக் காணோம்? வெறும் சுவருதான் தெரியுது."

"யோசிக்கறா அண்ணே" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். டீ கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் சுவரைப் பார்த்தார்.